குரலுக்குக் கற்பு உண்டா

1

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், கல்லூரி ஆண்டுவிழா நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு பாட்டின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில் கலை நிகழ்ச்சிக் குழுவுக்கு ஐந்து பேர். ஐவரும் பெண்கள். நான் தமிழ்த் துறை என்பதால் பாட்டுகளைத் தேர்வு செய்வது என் பொறுப்பாக இருந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘வெள்ளி விழா’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாட்டைக் கொடுத்திருந்தாள். ஒத்திகையில் பாடிக் காட்டினாள். மைக்கை உதட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட மூச்சிலேயே பாடினாள். அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் தனியாகக் கேட்டது. பாடி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “நல்லாத்தான் பாடுறா. ஆனா வாய்ஸ் ஒரு மாதிரி இருக்கே மேடம். பேரண்ட்ஸ் எல்லாம் வருவாங்க” என்றார்.

அந்தப் பாட்டு 1972இல் வந்தது. கே. பாலசந்தர் இயக்கிய படம், வி. குமார் இசை. மனைவி தன் கணவனுக்குப் பாடுவது. சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தாலும் ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்காது. குடும்பத்துக்கு அடங்கிய பெண்ணின் பாட்டு அது. என் பெண்ணிய மனத்துக்குத்தான் அதில் சில வரிகள் உறுத்த வேண்டும். சொல்லில் குற்றமில்லை, மெட்டில் குற்றமில்லை, பாடும் சூழலிலும் குற்றமில்லை. மிச்சமிருப்பது குரல்தான். அந்தக் குரலில் என்ன குற்றம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “வேற பாட்டு ஏதாவது பாடேம்மா. சுசீலாம்மா பாட்டு ஒண்ணு எடுத்துக்கோ” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்: “அம்மன் பாட்டுன்னா பரவாயில்லையா மேம்? அதுவும் இவங்க பாடினதுதான்.”

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு அவள் மேடை ஏறவும் இல்லை.

2

எல்.ஆர். ஈஸ்வரி 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது பெயர். அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் குழுப் பாடகி. கோரஸ் என்று நாம் சொல்கிற வேலை. இன்று அண்ணா மேம்பாலம் என்று பெயர் இருந்தாலும் எல்லோரும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்லும் இடத்தின் ஓரத்தில் அந்த ஸ்டுடியோ இருந்தது. அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அசோகமித்திரன், அந்த வளாகத்தின் அன்றாடத்தைப் பிற்காலத்தில் எழுதினார். நடிகர், எழுத்தாளர், தச்சர், ஒப்பனைக்காரர் எல்லோரும் ஒரே முதலாளியின் சம்பளப் பட்டியலில் இருந்த காலம் அது.

பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டும் வசதி அந்த நாட்களில் இல்லை. வாத்தியக்காரர்கள், முதன்மைப் பாடகர், கோரஸ் எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி முடித்தாக வேண்டும். கோரஸில் ஒருத்தி அரைக் கணம் முந்தினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கோரஸ் பாடகியின் திறமை என்பது தன்னைத் தனியாகக் கேட்கவிடாமல் பார்த்துக்கொள்வது. பக்கத்தில் நிற்பவளின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்துக்கொள்வது. நன்றாகப் பாடினாள் என்பதற்கு அடையாளமே அவள் காதில் படாமல் போவதுதான்.

அம்மாவோடு ஸ்டுடியோவுக்குப் போய் வந்த மகள் அதே வேலையில் சேர்ந்தார். 1954இல் வந்த ‘மனோகரா’வின் பாட்டுக் குழுவில் அவர் குரலும் இருந்தது. 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். ஏற்கெனவே எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி இருந்ததால் ராஜேஸ்வரி என்ற பெயர் இரண்டாக உடைந்து எல்.ஆர். ஈஸ்வரி ஆனது. 1961இல் ‘பாசமலர்’. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், கல்யாணப் பெண்ணைத் தோழி கிண்டல் செய்து பாடும் பாட்டு. பின்னால் கோரஸ் பெண்கள். நேற்றுவரை அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர் ஓரடி முன்னால் வந்து நின்று பாடினார். அதன் பிறகு தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டு ஒலிக்காத வீடு குறைவு.

ஈஸ்வரிக்குக் கிடைத்த முதல் பெரும்புகழ் ஒரு தோழியின் குரலாக வந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கடந்து போவது கடினம். தொல்காப்பியர் தோழி யார் என்று சொல்லும்போது, அவள் செவிலியின் மகள் என்கிறார். வளர்க்கும் வேலை செய்பவளின் மகள், பேசும் வேலை செய்கிறாள். தாயின் தொழில் வேறொரு வடிவத்தில் மகளுக்கு வருகிறது. அகப்பாடல்களில் தோழி ஓயாமல் பேசுகிறாள். தலைவனிடம் வாதாடுகிறாள், தாயிடம் மறைக்கிறாள், தலைவிக்குத் தைரியம் சொல்கிறாள். அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததா என்று எந்தப் பாட்டும் கேட்பதில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அகத்திணையில் யாருக்குமே பெயர் கிடையாது. தலைவிக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. பெயரின்மை அங்கே எல்லோருக்கும் பொது. இருபதாம் நூற்றாண்டின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்படி இல்லை. ஒருவருக்குப் பெயர் உண்டு, அவர் பின்னால் நிற்கும் ஆறு பேருக்கு இல்லை. இசைத்தட்டின் உறையில் அந்த ஆறு பேரும் ஒரே சொல்: குழுவினர்.

3

அறுபதுகளில் தமிழ் சினிமா ஒரு சட்டத்தை எழுதாமலே எழுதிக்கொண்டது. நாயகிக்கு ஒரு குரல், நாயகி அல்லாதவளுக்கு ஒரு குரல். பி. சுசீலாவின் குரல் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு. ஈஸ்வரியின் குரல் கிளப்பில் ஆடுகிறவளுக்கு, தெருவில் கூடை சுமக்கிறவளுக்கு, வாயாடித் தோழிக்கு, குறத்திக்கு. விதிவிலக்குகள் உண்டு, ‘காதோடுதான்’ அப்படி ஒன்று. விதிவிலக்கைக்கூட அந்த மூத்த பேராசிரியரின் காது விதியாகவே கேட்டது என்பதுதான் அந்தச் சட்டத்தின் வலிமை.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க 1969இல் வந்த ‘சிவந்த மண்’ போதும். நாயகி காஞ்சனா. நாயகனோடு காதல் பாட்டுப் பாடும்போது அவருக்குச் சுசீலாவின் குரல். அதே காஞ்சனா நாட்டியக்காரியாக வேடமிட்டு, சாட்டை வீச்சுக்கு நடுவே ஆடும்போது ஈஸ்வரியின் குரல். உடல் ஒன்று, முகம் ஒன்று, கதைப்படி மனமும் ஒன்று. உடை மாறியவுடன் தொண்டை மாறிவிடுகிறது. நாயகியின் கற்பைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணின் குரல் வாடகைக்கு வாங்கப்படுகிறது. அந்தப் பாட்டில் சாட்டை நாயகியின் மேல் வீசப்படுகிறது. பழி ஈஸ்வரியின் குரலில் போய் விழுகிறது.

சென்னை இதைச் சினிமாவில் மட்டும் செய்யவில்லை. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மயிலாப்பூரும் அதைச் சுற்றிய சபாக்களும் பெண்ணின் பாட்டை எப்படிக் கேட்பது என்று முடிவு செய்யத் தொடங்கியிருந்தன. பாடிக்கொண்டே அபிநயம் பிடித்த மரபில் குரலும் கையும் கண்ணும் சேர்ந்திருந்தன. புதிய மேடை அவற்றைப் பிரித்தது. பாடுகிறவள் அசையாமல் உட்கார்ந்து பாட வேண்டும்; ஆடுகிறவளுக்கு வேறொருவர் பாட வேண்டும். உடல் இல்லாதது போலக் கேட்கும் குரல் தூய குரல் ஆனது. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது டிசம்பர் கச்சேரிகளுக்குப் போய், பாடகி தொடையில் தாளம் போடுவதைக்கூடச் சற்று ஓங்கிப் போட்டால் பக்கத்து இருக்கை மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

ஈஸ்வரியின் குரலில் உடல் கேட்கிறது. மூச்சு வாங்குவது கேட்கிறது, சிரிப்பு தொண்டையிலிருந்து கிளம்புவது கேட்கிறது, சொல்லின் கடைசியில் நாக்கு செய்யும் விளையாட்டு கேட்கிறது. 1968இல் ‘பணமா பாசமா’வில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணுக்காக அவர் பாடிய மெட்ராஸ் தமிழில், வெயிலில் கூவிக் கூவிக் காய்ந்துபோன தொண்டையைக் கேட்கலாம். ஒரு குரலுக்கு உடல் இருக்கிறது என்பதே குற்றம் என்றானபோது, அந்தக் குரல் என்ன பாடினாலும் ‘ஒரு மாதிரி’தான்.

4

பாட்டில் இருக்கும் ஆசை பாடுகிறவளின் ஆசையா? தமிழில் இந்தக் கேள்வி மிகப் பழையது. ஒரு குடும்பமே இதனால் அழிந்திருக்கிறது.

புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். வேறொரு பெண்ணை நினைத்துப் பாடுவது போன்ற பாட்டுகள். மாதவிக்குச் சந்தேகம் வருகிறது. அவள் யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். கோவலன் அதைப் பாட்டாகக் கேட்கவில்லை. வாக்குமூலமாகக் கேட்டான். எழுந்து போனான். மதுரையில் முடிந்த பயணம் அந்தக் கடற்கரையில் தொடங்கியது.

மாதவியும் சந்தேகப்பட்டாள்தான், நான் அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவள் சந்தேகத்துக்குப் பாட்டால் பதில் சொன்னாள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அவன் பாடியது அவனுக்குக் கலை. அவள் பாடியது அவனுக்கு அவளுடைய நடத்தை. ஆண் பாடினால் பாத்திரம் பேசுகிறது, பெண் பாடினால் பெண்ணே பேசுகிறாள் என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது.

நம் ஊர் மெரினாவில் கண்ணகிக்குச் சிலை இருக்கிறது. 1968இல், உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. அதே ஆண்டில்தான் இலந்தைப்பழப் பாட்டும் வந்தது. கடற்கரையில் பாடிய பெண் மாதவி. கடற்கரையில் நிற்பவள் கண்ணகி. ‘சிலப்பதிகாரம்’ நடத்தும்போது இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன், மாணவிகள் சிரிக்கிறார்கள். ஆனால் பட்டியலில் கோடு போட்ட அந்த மாலையில் நான் கோவலனின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. பத்தொன்பது வயதுப் பெண் பாடியதை நான் பாட்டாகக் கேட்கவில்லை. அவளைப் பற்றிய தகவலாகக் கேட்டேன்.

5

இங்கே தோழிகள் சிலர் என்னை மறுப்பார்கள். மறுத்தும் இருக்கிறார்கள்.

முதல் மறுப்பு இது: அந்தக் கிளப் பாட்டுகளை ஆண்கள் எழுதினார்கள், ஆண்கள் மெட்டமைத்தார்கள், ஆண்களின் கண்ணுக்காகப் படமாக்கினார்கள். சாட்டைக்கு நடுவே ஒரு பெண் ஆடுவதை ரசிக்கும்படி செய்த பாட்டை ஒரு பெண்ணியவாதி ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. அந்தப் படமாக்கலை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் பழி எப்படிப் பங்கிடப்பட்டது என்று பார்க்க வேண்டும். எழுதிய கவிஞருக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறோம். இசையமைத்தவரை மெல்லிசை மன்னர் என்கிறோம். இயக்குநரைப் புதுமை இயக்குநர் என்கிறோம். அதே பாட்டுக்காக இவர்கள் யாருடைய கண்ணியமும் குறையவில்லை. மறுக்கும் அதிகாரம் யாருக்கு எவ்வளவு இருந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பும் இருக்க முடியும். கோரஸிலிருந்து மேலே வந்த, குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்த இளம் பெண்ணுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுக்கும் அதிகாரம் மிகக் குறைவு. அதிகாரம் மிகக் குறைவாக இருந்தவள் மேல் பழி மிக அதிகமாக விழுந்திருக்கிறது. இது அறக் கணக்கு ஆகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அவருக்கு அதிகாரம் இல்லை, வேலை கொடுத்தார்கள், செய்தார் என்று சொன்னால் அவரைக் கருவியாக்கி விடுகிறாய். அப்படியானால் அந்தப் பாட்டுகளின் பெருமையும் அவருக்கு இல்லையே? பழியை ஏற்காதவர் பெருமையை மட்டும் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

இந்தக் கேள்வியோடு நான் பல நாள் இருந்தேன். முதலில் நினைத்தது தப்பித்தல்தான்: சொல் கவிஞருடையது, மெட்டு இசையமைப்பாளருடையது, பாடும் திறன் மட்டுமே ஈஸ்வரியுடையது. ஆனால் அந்தப் பாட்டுகளை மறுபடி கேட்டபோது அந்தப் பிரிவினை நிற்கவில்லை. சிரிப்பை எந்தக் கவிஞரும் எழுதுவதில்லை. மூச்சு இழுப்பதை ஸ்வரமாக எழுத முடியாது. இங்கே சிரிக்கச் சொன்னார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எப்படிச் சிரிப்பது என்பது அவர் கையில்தான் இருந்தது. அப்படியானால் அந்தக் கவர்ச்சி, அந்தக் கிறக்கம், அந்தத் துணிச்சல் எல்லாமே அவருடையவைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகு யோசித்தால் அதில் குற்றம் எங்கே இருக்கிறது? ஒரு குரல் ஆசையைச் சொல்கிறது. ஆசை இருப்பதும் அதைச் சொல்வதும் குற்றமல்ல. குற்றம் சாட்டையில் இருக்கிறது, சாட்டையை ரசிக்க வைத்த கேமராவில் இருக்கிறது. ‘பழியா பெருமையா, இரண்டில் ஒன்றைச் சொல்’ என்று கேட்பவர், ஆசை ஒலிக்கும் பெண் குரல் தன்னளவிலேயே பழிக்குரியது என்பதை முதலிலேயே கேள்விக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். நானும் ஒளித்து வைத்திருந்தேன். குரலுக்குக் கற்பு உண்டு என்று நம்பியவளால் மட்டுமே சுசீலாம்மா பாட்டு பாடச் சொல்ல முடியும். இதில் சுசீலாவுக்கும் அநியாயம் நடக்கிறது. 1969இல் தொடங்கிப் பல முறை தேசிய விருது வாங்கிய அந்த மகத்தான கலைஞரை, இன்னொரு பெண்ணை மட்டம் தட்டும் அளவுகோலாக நாம் பயன்படுத்தினோம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க விரும்புகிறேன். ஈஸ்வரியைக் கலகக்காரி என்று நான் அழைக்கப் போவதில்லை. அவர் வேலை செய்தார். மிக நன்றாகச் செய்தார். நம்முடைய கலகத்தை அவர் தோளில் ஏற்றுவதும் அவர் குரலை இன்னொரு முறை வாடகைக்கு எடுப்பதுதான்.

6

மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஆடி மாதம் பிறந்தால் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவிலும் கோலவிழியம்மன் கோயில் பக்கமும் ஒலிபெருக்கியில் வருவது ஈஸ்வரியின் குரல்தான். கூழ் ஊற்றும் பந்தலில், தீச்சட்டி ஊர்வலத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலை ஐந்து மணிக்கு. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண்ணின் குரலில் மாரியம்மன் தெருத் தெருவாக இறங்குகிறாள். யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. நம் ஊரைப் பற்றி எனக்கு நம்பிக்கை தருபவற்றில் இது ஒன்று.

கிளப் பாட்டுப் பாடிய குரல் அம்மன் பாட்டால் புனிதமாயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். அதே மூச்சு, அதே அடித்தொண்டை, சொல்லை இழுத்து விடும் அதே துணிச்சல். சாமி வந்து ஆடும் பெண்ணுக்குத் தேவை உடல் உள்ள குரல். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குரலுக்கு அவள் ஆட மாட்டாள். இரண்டு பாட்டிலும் ஈஸ்வரி ஒருவரே. வேறு வேறு காதோடு கேட்டவர்கள் நாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையும் இதே இடத்தில்தான் பிறந்தது. தேவாலயப் பாட்டின் கதறலையும் கைதட்டலையும் எடுத்து உடலின் காதலுக்குப் பாடினார்கள். பாதிரியாரின் மகளான அரீதா ஃபிராங்க்ளின் தேவாலயத்திலிருந்து வெளியே வந்து அப்படிப் பாடினார். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸின் தேவாலயம் ஒன்றில் பக்திப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது அதே குரலோடுதான் உள்ளே போனார். ஈஸ்வரியின் பாதை எதிர்த்திசையில், கிளப்பிலிருந்து கோயிலுக்கு. ஆனால் இருவர் குரலுக்கும் நடுவில் கதவு இல்லை. கதவைப் போட்டவர்கள் வெளியே நின்றவர்கள்.

அங்கேயும் கோரஸ் உண்டு. டார்லீன் லவ் என்ற பாடகி ‘ப்ளாஸம்ஸ்’ என்ற குழுவில் பாடியவர். 1962இல் அவர் பாடிய ‘ஹி இஸ் எ ரெபல்’ என்ற பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. இசைத்தட்டில் இருந்ததோ ‘கிரிஸ்டல்ஸ்’ என்ற வேறொரு பெண்கள் குழுவின் பெயர். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் குரலை ஓரிடத்திலும் பெயரை இன்னோரிடத்திலும் வாங்கிக்கொண்டார். பின்னாளில் பிழைப்புக்காக வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போன டார்லீன், ஒருநாள் வேலை செய்யும் வீட்டில் வானொலியில் தன் குரலையே கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் மறுபடி மேடைக்கு வந்தார். இவர்களைப் போன்ற பின்பாட்டுக்காரிகளைப் பற்றி 2013இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது.

நம் கோரஸ் பெண்களைப் பற்றி அப்படி ஒரு படம் எடுத்தால் யாரிடம் போய்ப் பெயர் கேட்பது? வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு டிபன் பாக்ஸோடு போய் நின்றவர்கள். நாம் முணுமுணுக்கும் பாட்டுகளின் தொடக்கத்தில் வரும் ஹம்மிங் அவர்களுடையது. ஈஸ்வரியின் கதையை நான் மறுபடி மறுபடி எடுக்கக் காரணம், அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து பெயரோடு நின்றவர்களில் அவர் ஒருவர் என்பது. அவருடைய அம்மா வரவில்லை. மகளின் பெயரை எத்தனை முறை சொன்னாலும், அம்மாவின் வேலை இன்னும் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள்ளேதான் இருக்கிறது.

7

1974இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யை ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குத் திரையிடுகிறேன். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் கவிதாவைப் பற்றிப் பேசத்தான் அந்தப் படம். அதில் கவிதாவின் தோழியாக வரும் ஃபடாஃபட் ஜெயலட்சுமிக்கு ஒரு பாட்டு உண்டு, பாடியவர் ஈஸ்வரி. பதின்மூன்று ஆண்டு கழித்தும் தோழிதான். ஆனால் ‘பாசமலர்’ தோழி மணப்பெண்ணுக்காகப் பாடினாள். இவள் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே பாடுகிறாள். முன்பெல்லாம் அந்தப் பாட்டை ஓட்டிவிடுவேன். பாடத்துக்குத் தொடர்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது ஓட்டுவதில்லை.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஆடி மாதம். முண்டகக்கண்ணியம்மன் கோயில் தெருவில் கூழுக்கு நின்ற வரிசையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கிக்குக் கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவர் கூடவே பாடிக்கொண்டிருந்தார். சத்தமாக, யார் கேட்கிறார்கள் என்ற கவலை இல்லாமல். “நல்லா பாடுறீங்கம்மா” என்றேன். “சின்ன வயசுல சினிமாப் பாட்டும் பாடுவேன் கண்ணு. எங்க வீட்டுல திட்டுவாங்க. இதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். பூ தொடுத்தபடியே சொன்னார். புகாராகச் சொல்லவில்லை.

என் மாணவி பதினோரு ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்விக்கு அவர் பதில் வைத்திருந்தார். அம்மன் பாட்டு என்றால் பரவாயில்லை. அறுபது ஆண்டுகளாக இந்தத் தெருவில் பெண்கள் அந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் வாய்விட்டுப் பாடியிருக்கிறார்கள். நான் படித்த படிப்புக்கு, அந்த அனுமதியைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்க முடியும். அதைச் செய்யாமல் கோடு போட்டேன்.

இந்த ஆண்டும் நிகழ்ச்சிப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. கல்லூரி வேறு, குழு வேறு. ஈஸ்வரி பாட்டு ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கோரஸுக்கு நான்கு மாணவிகள் என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேரின் பெயரையும் கேட்டு வாங்கி அழைப்பிதழில் சேர்க்கச் சொன்னேன். அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்றார். முதன்மை விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைத்தால் போதும் என்றேன்.

இதனால் பழைய கோடு அழியாது. அந்த மாணவிக்கு இப்போது முப்பது வயதாகியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பாடுகிறாளா என்பதும் தெரியாது. பெயர் மட்டும் நினைவிருக்கிறது. அவளிடம் கேட்காமல் அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.